நடுவில் நனையாத குடை

அநியாயம் நடந்தது ரெமிஜியுசுக்கு. சங்குக்காரத் தெருவில் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள், தளவாய்க்கு நடந்தது என்பார்கள், இல்லை இல்லை எங்கள் நாற்பத்திரண்டு வீட்டுக்கும்தான் நடந்தது என்று காலிக் குடத்தைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டு என் வீட்டு வாசலைப் பார்த்தே சத்தமாகச் சொல்வார்கள், சொல்லட்டும். குழாயடியில் ஒருமுறை, கல்லூரி கேண்டீனில் ஒருமுறை, அப்பாவிடம் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் பலமுறை நான் இதை வாதாடியாகிவிட்டது, இப்போது எழுதியே வைக்கிறேன். நாற்பத்தொரு நாள் எங்கள் தெருவுக்கு மழை பெய்வித்தவன் ரெமிஜியுஸ். அதற்காகப் பொன்னாடை போர்த்தப்பட்டவன் தளவாய். ரெமிஜியுசுக்குக் கிடைத்தது பிடித்துக்கொண்டு நிற்பதற்கு ஒரு குடை. அந்தக் குடையை அவன் கையில் கொடுத்தவள் நான்தான் என்பதால் என்னையும் கூண்டில் ஏற்றிவிட்டே பேசுகிறேன்.

மூன்று பையன்களும் எங்கள் வீட்டு மாடி அறையில் குடியிருந்தார்கள், மூன்று பேரும் என்னோடு எம்.ஏ. பொருளியல் இரண்டாம் ஆண்டு படித்தார்கள், மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே இஸ்திரிப் பெட்டி, ஒரே நல்ல பெல்ட். தளவாய் கல்லூரி நாடகத்தில் ராஜா வேஷம் கட்டியவன், அன்றிலிருந்து கை கழுவப் போனாலும் ராஜா மாதிரியே போகிறவன். ரெமிஜியுஸ் கடற்கரைக்காரன், அப்பா விசைப்படகில் போகிறவர். அவன் பேசுவதே குறைவு, பேசினாலும் கடைசி வார்த்தையை விழுங்கிவிடுவான். இசக்கிராஜ் ஊருக்குத் தெற்கே ஓடையைத் தாண்டி உப்பளத்துக் குடியிருப்பிலிருந்து வந்தவன், ஆறு நாள் படிப்பு, ஏழாம் நாள் அம்மா பேச்சித்தாயோடு பாத்தியில் இறங்கி உப்பு வாருவது. எதைக் கேட்டாலும் சிரித்துக்கொண்டு ‘ம்’ என்பான், அந்த ஒற்றை ‘ம்’மை வைத்துக்கொண்டு என்னிடம் தோற்காமல் வாதாடியவன் உலகத்தில் அவன் ஒருவன்தான்.

பங்குனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, இசக்கி டீக்கடை வாசலில் கிளாசோடு நின்றுகொண்டிருந்தபோது, துறைமுகத்துப் பக்கமிருந்து ஒரு மேகம் வந்தது. விரித்த போர்வை அளவு இருக்கும், புறா நிறம். தெரு முனையில் திரும்பியது, குறுக்கே போன பசுமாட்டுக்காகக் கொஞ்சம் நின்றது, பிறகு மின்கம்பி உயரத்துக்கு இறங்கி இசக்கியின் தலைக்கு நேர்மேலே வந்து நின்று பெய்யத் தொடங்கியது. டீ கிளாஸ் நிரம்பி வழிந்தது. டீக்கடைக்காரர் அண்ணாந்து பார்த்தார், இசக்கியைப் பார்த்தார், கொஞ்சம் தள்ளி நில்லு தம்பி, வடை நனையுது என்றார். இசக்கி தள்ளி நின்றான், மேகமும் தள்ளி நின்றது, அவ்வளவுதான், அன்றைக்கு மேற்கொண்டு யாரும் எதுவும் கேட்கவில்லை, ஏனென்றால் எங்கள் தெருக் குழாயில் எட்டு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் வரும், அன்றைக்கு ஏழாம் நாள்.

மறுநாள் காலைக்குள் முறைவாசல் போட்டாயிற்று. திங்கட்கிழமை தெருவின் மேல்முனை வீடுகளின் மொட்டைமாடிகள், செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடத்துத் தொட்டி, புதன்கிழமை கீழ்ப்பக்கத்து எட்டு வீடுகள், வெள்ளிக்கிழமை அம்மன் கோவிலுக்குக் காலை, மாதா கோவிலுக்கு மாலை என்று பலசரக்குக் கடை தேவசகாயம் அண்ணாச்சி, அவர்தான் தெரு நலச்சங்கத் தலைவர், அட்டையில் எழுதிக் கடைவாசலில் மாட்டினார். இசக்கி ஒவ்வொரு மாடியிலும் அரைமணி நேரம் நிற்பான், புத்தகத்துக்குப் பிளாஸ்டிக் உறை போட்டுக்கொண்டு தேர்வுக்குப் படிப்பான், வீட்டுக்காரர்கள் சுற்றிலும் குடங்களையும் அண்டாக்களையும் வைத்துவிட்டு அவனுக்குச் சூடாகச் சுக்குக்காபி கொண்டுவந்து கொடுப்பார்கள். பஸ்ஸில் அவனைப் பின்படியில் நிற்கச் சொன்னார்கள், கல்லூரியில் வகுப்புக்கு வெளியே ஜன்னலோரம் பெஞ்சு போட்டார்கள், பேராசிரியர் வருகைப் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேராகச் சின்னதாக ஒரு குடை வரைந்தார், முடிவெட்டுகிறவர் தண்ணீர் பீச்சும் பாட்டிலைக் கையில் எடுக்கவே இல்லை.

அந்தத் தண்ணீரை முதலில் குடித்தவள் எதிர்வீட்டுப் பூரணத்தக்கா. ஒரு டம்ளர் குடித்தாள், வாயைத் துடைத்தாள், திரும்பித் தன் புருஷனிடம் உங்க மீசை எனக்குக் கல்யாணமான நாளிலிருந்தே பிடிக்கவில்லை, பத்தொன்பது வருஷம் என்றாள். அவரும் ஒரு டம்ளர் குடித்துவிட்டு, அது தெரிந்துதான் வைத்திருக்கிறேன் என்றார். அண்ணாச்சி குடித்துவிட்டுத் தான் பத்தாம் வகுப்பில் மூன்றாவது தடவைதான் தேறியதை வாடிக்கையாளர்கள் முன்னிலையில் சொன்னார். இப்படி நான்கைந்து பேர் சொன்னதும், குழாயடிப் பெண்கள் கருத்தரங்கம் எதுவும் வைக்காமல், கட்டுரை எதுவும் வாசிக்காமல், அரைமணி நேரத்தில் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள்: யாரோ இந்தப் பையனிடம் சொல்ல வந்ததைச் சொல்லாமல் முழுங்கியிருக்கிறார்கள், முழுங்கியது மேலே போய் நின்று பெய்கிறது, ருசியைப் பார்த்தால் அது ஆசை.

முதலில் என்னைத்தான் பார்த்தார்கள். மாடியில் பையன், கீழே பெண், வேறு எதையும் யோசிக்க இவர்களுக்குத் தெரியாதா என்று எனக்கு வந்த கோபத்தில் முக்கால் மணி நேரம் பேசினேன். மனதில் பட்டதை அங்கேயே அப்போதே சொல்லிவிடுகிற என்னால் ஒரு பனித்துளியைக்கூட உண்டாக்க முடியாது, நான் அந்தத் தண்ணீரைத் தினமும் மூன்று சொம்பு குடிக்கிறேன், புதிதாக ஒரு வார்த்தை வந்ததா என்று கேட்டேன். உடனே ஒப்புக்கொண்டார்கள், கொஞ்சம் சீக்கிரமாகவே ஒப்புக்கொண்டார்கள். பிறகு நான் மதுரைக்குச் சித்தி வீட்டுக்குப் போயிருந்த நாட்களில், மாடியில் மூன்று பையன்கள் மட்டும் இருக்கும்போது, மேகம் எருமை நிறத்துக்குக் கறுப்பதை எல்லோரும் பார்த்தார்கள்.  குழாயடியில் பூரணத்தக்கா குடத்தைத் தூக்கி இடுப்பில் ஏற்றிக்கொண்டு, “எந்தப் பய?” என்று மட்டும் கேட்டாள்.

ஒரு பையன் ஒரு பையனை விரும்பினால் இந்தத் தெரு என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும், அதற்கு நான்கு பதில்களை நான் முதலாம் ஆண்டிலிருந்தே தயாராக வைத்திருந்தேன், ஒன்றைக்கூடச் சொல்ல எனக்கு வாய்ப்புத் தரவில்லை, எல்லாத் தொட்டியும் நிறைந்திருந்தது. எந்தப் பய என்பதற்கும் அவர்களுக்கு ஒரு நிமிஷம்தான் பிடித்தது. ராஜா மாதிரி நடக்கிறவன், தலையைக் கோதிக்கொள்கிறவன், இசக்கி வந்தால் குரலை இறக்கிப் பேசுகிறவன் தளவாய். அண்ணாச்சி அவனை நேரிலேயே கேட்டார், தளவாய் தரையைப் பார்த்துச் சிவந்தான். அவன் பொய் சொல்லவில்லை, அதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அவனுக்கும் இசக்கிமேல் ஆசை, அவனும் சொல்லாமல்தான் வைத்திருந்தான், மேகம் தன்னுடையது என்று மனதார நம்பினான். அடுத்த ஞாயிறு சாயங்காலம் மைக் வைத்து அவனுக்குச் சிவப்புப் பொன்னாடை போர்த்தினார்கள், எதற்காக என்று யாரும் மைக்கில் சொல்லவில்லை, கைதட்டல் மட்டும் பலமாக இருந்தது. தளவாய் அதை வாங்கிய நாளிலிருந்து தோளைவிட்டு இறக்கவில்லை.

இசக்கிக்குச் சளி பிடிக்குமே என்று கவலைப்பட்டவள் நான். தேர்வு நேரம், மாடிகளில் நிற்கிற நேரம் போக மற்ற நேரத்தில் யாராவது குடை பிடிக்க வேண்டும். மேகத்துக்குச் சொந்தக்காரனே குடையும் பிடிப்பது முறையல்ல, ஆகவே இதில் சம்பந்தமே இல்லாத ஒருவன் பிடிப்பதுதான் நியாயம் என்று தீர்ப்புச் சொல்லி, அப்பாவின் கறுப்புக் குடையை எடுத்து ரெமிஜியுஸ் கையில் கொடுத்தேன். சம்பந்தமே இல்லாத ஒருவன். என் வாயால் நானே சொன்னது. அவன் குடையை வாங்கிக்கொண்டு, சரிட்டி, நானே பிடிக்கிறேன் என்று சொல்ல வந்து, ‘சரிட்டி, நானே’ வரைக்கும் சொன்னான்.

அன்றிலிருந்து ரெமிஜியுசின் இடது தோள் காயவில்லை. குடையை இசக்கி பக்கமே சாய்த்துப் பிடித்துக்கொண்டு தான் வெளியே நடப்பான், குடைக்கம்பியில் இறங்குகிற தண்ணீர் முழுக்க அவன் சட்டைக்குள் போகும். சரி, இசக்கியாவது நனையாமல் இருந்தானா என்றால் அதுவும் இல்லை, அவன் இந்தப் பக்கம் கோணலாக ஒதுங்கி ஒதுங்கி நடந்து வலது தோளை நனைத்துக்கொண்டு வந்தான். குடை சிறியது என்று முடிவுசெய்து, சர்பத் வண்டிக்காரரிடம் கெஞ்சி அவருடைய நீலமும் மஞ்சளுமான பெரிய குடையை வாங்கிக்கொடுத்தேன். ஒரு குடும்பமே நிற்கலாம் அதன்கீழே. அப்போதும் இரண்டு பேரும் இரண்டு ஓரத்தில் நனைந்துகொண்டுதான் வந்தார்கள், நடுவில் ஒரு ஆள் அகலத்துக்கு உலர்ந்த இடம் அவர்களோடு கூடவே நடந்து வந்தது. கடற்காற்று சாய்த்து அடிக்கிறது என்று நான் விளக்கம் சொன்னேன், எல்லோரும் தலையாட்டினார்கள். இன்னொன்றும் என் கண்ணெதிரிலேயே நடந்தது: தெருவே குடித்த தண்ணீரை ரெமிஜியுஸ் தொடவே இல்லை, தினமும் கேன் தண்ணீர் வாங்கி மாடிக்குச் சுமந்தான், மற்ற இரண்டு பேரும் அதையே குடித்தார்கள். அவனுக்கு வயிறு சரியில்லையாக்கும் என்று நினைத்தேன். வாதாடத் தெரிந்தவளுக்குப் பார்க்கத் தெரியவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

எல்லோருக்கும் நன்மையாகப் பெய்த அந்த மேகம் ஒரே ஒரு ஆளுக்குக் கேடாகப் பெய்தது. உப்பளத்துக்கு மழை ஆகாது. வெயில் காய்ந்து காய்ந்து பாத்தியில் உப்பு பூத்து வருகிற பருவம் அது, இசக்கி வழக்கம்போல முதல் ஞாயிறு ஓடைப் பாலத்தைத் தாண்டிப் போனான், அரைமணி நேரத்தில் அம்மா வாரிக் குவித்திருந்த உப்பில் பாதி கரைந்து வாய்க்காலோடு போயிற்று. அவளைத் தவிர வேறு யாராக இருந்தாலும் அவனைக் கோபித்துப் பேசியிருப்பார்கள்; அவள் வாருபலகையைக் கீழே போட்டுவிட்டு அவன் தலையை முந்தானையால் துவட்டினாள், துவட்டத் துவட்ட நனைந்தது. உப்பளத்து மேஸ்திரி மேகத்தோடு பாலத்தைத் தாண்டக் கூடாது என்று சொல்லிவிட்டார், அவரைக் குறை சொல்லவும் முடியாது, அத்தனை பெண்களின் கூலியும் அந்தப் பாத்திகளில்தான் விளைந்துகொண்டிருந்தது. அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும் பதினொரு மணிக்கு பேச்சித்தாய் பாலத்தின் அந்தக் கரையில் வந்து நிற்பாள், இசக்கி இந்தக் கரையில் மேகத்தோடு நிற்பான், தூக்குவாளியை நான் போய் வாங்கிவந்து கொடுப்பேன். தலை துவட்டினானா, முதுகு துவட்டினானா என்று என்னிடம் கேட்பாள். ஐந்தாவது ஞாயிறு, அவள் அங்கிருந்தே கையை வாய்க்குக் கூட்டிவைத்துச் சொன்னாள்:

“எய்யா, எவனா இருந்தாலும் சரி, வாயத் தொறந்து சொல்லச் சொல்லு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஒன் தலையத் தொட்டு ஒரு மாசம் ஆகப் போவுதுய்யா.”

அன்றிலிருந்து இசக்கி ‘ம்’ சொல்வதை நிறுத்திவிட்டான். கேட்டால் பதில் இல்லை, சிரிப்பும் இல்லை, மாடிகளில் நின்றான், படித்தான், இறங்கினான்.

நான் நேராக அண்ணாச்சி கடைக்குப் போனேன். தளவாய் சொல்லிவிட்டால் மேகம் போய்விடும், இசக்கி வீட்டுக்குப் போவான், இதில் யோசிக்க என்ன இருக்கிறது? யோசிக்க நாற்பத்திரண்டு வீடு இருந்தது. அன்றைக்கே நலச்சங்கக் கூட்டம் போட்டார்கள், தளவாயை நடுவில் உட்காரவைத்து வாழையிலையில் முந்திரி மக்ரூன் பலகாரம் வைத்தார்கள், அண்ணாச்சி அவன் தோளைத் தட்டிக்கொண்டே, தம்பி அவசரப்பட வேண்டாம், மனசுல இருக்கிறது மனசுலயே இருந்தாத்தான் அழகு, ஐப்பசி மழை வருகிறவரைக்கும் பொறுத்துக்கொள் என்றார். பூரணத்தக்கா அன்றிரவுச் சாப்பாட்டுக்குச் சீலாமீன் குழம்பு கொடுத்தனுப்புவதாகச் சொன்னாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எழுந்து நின்று சொன்னேன்:

“ஒரு பையன் இன்னொரு பையனைப் பிடிக்கும்னு சொல்லக் கூடாது, அப்படித்தானே? இதத்தானே எப்பவும் சொல்லுவீங்க. முன்னாடி மானம் போயிரும்னு வாய மூடச் சொன்னீங்க, இப்பத் தண்ணி போயிரும்னு மூடச் சொல்லுறீங்க. காரணம் மாறிட்டு, அவன் வாய் மட்டும் மூடியேதான் கெடக்கணும்.”

 பூரணத்தக்காவின் புருஷன் மழிக்கப்பட்ட மேலுதட்டைத் தடவிக்கொண்டு, பிள்ளை சொல்றது நியாயம்தான் என்றார். தளவாய் கையிலிருந்த மக்ரூனை இலையில் திருப்பி வைத்தான். அவனைப் பொறுத்தவரை அது பெரிய தியாகம்.

நாற்பத்தொன்றாம் நாள், ஆறாவது ஞாயிறு, தெருவே பாலத்துக்கு வந்துவிட்டது, கடைசி முறையாக இருக்கும் என்று குடங்களோடு வந்தார்கள். அந்தக் கரையில் பேச்சித்தாய் தூக்குவாளியோடு நின்றாள், அவளுக்குப் பின்னால் உப்பு மலைமலையாக வெயிலில் மின்னியது. இந்தக் கரையில் இசக்கி, அவன் தலைக்கு மேல் சர்பத் வண்டிக் குடை, அதைப் பிடித்துக்கொண்டு ரெமிஜியுஸ், அதற்கும் மேலே மேகம். தளவாய் பொன்னாடையோடு முன்னால் வந்தான், நாடகத்தில் வருவதுபோல இரண்டு கையையும் விரித்தான், பிறகு என்ன நினைத்தானோ கையை இறக்கிக்கொண்டு, சாதாரணமாக, எங்கள் யாருக்கும் அதுவரை தெரியாத ஒரு குரலில் பேசினான்.

“மக்கா இசக்கி, ஒன்ன எனக்குப் பிடிக்கும். ரெண்டு வருசமா. வசனமெல்லாம் எழுதி வச்சிருந்தேன், மறந்துட்டு.”

எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். மேகம் போகவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றது, பிறகு குடத்தைக் கவிழ்த்தாற்போலக் கொட்டத் தொடங்கியது. தளவாயின் பொன்னாடையிலிருந்து சிவப்புச் சாயம் இறங்கி வெள்ளைச் சட்டையெல்லாம் ஓடியது. இசக்கி அவன் கையைப் பிடித்து, நன்றி மக்கா என்றான். நன்றி என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லாததும் தளவாய்க்குப் புரிந்தது. அவன் முகம் ஒரு நொடி சுருங்கிப் போனதை நான் பார்த்தேன். அப்புறம் அவன் மெதுவாகத் தலையைத் திருப்பினான். அது தன் மேகம் இல்லையென்றால் யாருடையது என்று அந்த இடத்தில் தேட வேண்டியிருக்கவில்லை. இத்தனை நாளாக அந்த மேகத்தடியில் இசக்கியோடு நின்றவன் ஒருவன்தான், அவனுடைய இடது தோளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ராஜா வேஷத்தில் அவன் செய்ததெல்லாம் நடிப்பு, அடுத்து அவன் செய்ததுதான் ராஜாவின் காரியம் என்று நான் யாரிடமும் வாதாடத் தயார்.

“எலே ரெமி,” என்றான் தளவாய், “குடைய எங்கிட்டக் குடு.”

ரெமிஜியுஸ் கொடுக்கவில்லை. தளவாய் அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் குடையை வாங்கி மடக்கினான். மழை ரெமிஜியுசின் முகத்தில் நேராக விழுந்தது. அவன் வாயை இறுக்கிக்கொண்டு நின்றான், மூக்கால் மூச்சுவிட்டுப் பார்த்தான், மழை விடவில்லை, கடைசியில் மூச்சுக்காக வாயைத் திறந்தான், ஒரு மிடறு உள்ளே போயிற்று. குடம் வைத்திருந்தவர்கள்கூடக் குடத்தைப் பார்க்கவில்லை.

“அது என் மேகம்லே,” என்றான். “மாசி மாசம் பஸ்ல வரும்போது நீ என் தோள்ல சாஞ்சு தூங்கிட்ட. நம்ம ஸ்டாப் வந்துச்சு. நான் எழுப்பல. டெப்போ வரைக்கும் போனோம், நானும் தூங்கிட்டேன்னு பொய் சொன்னேன். தூங்கலலே. அன்னைலருந்து தெனமும் சொல்லணும்னு நெனச்சு, அந்தச் செவ்வாக்கெழம காலைல ஒன்ன எழுப்பி வாயெடுத்தேன், முழுங்கிட்டேன். ஒன்ன எனக்குப் பிடிக்கும். அப்படித்தான் பிடிக்கும். ஒங்க அம்மாவ நீ பாக்க முடியாமப் போனது என்னாலதான்.”

அவன் ஒரு வாக்கியத்தின் கடைசி வார்த்தை வரைக்கும் பேசி அன்றுதான் நான் கேட்டேன். மேகம் வெளுத்தது, துவைத்துத் துவைத்து நைந்துபோன துணிபோல நடுவில் கிழிந்தது, கிழிசல் வழியாக வெயில் இறங்கி இசக்கிமேல் விழுந்தது, கடைசித் துளி பாலத்துக் கைப்பிடியில் தெறித்தது, அவ்வளவுதான். பூரணத்தக்கா பெருமூச்சு விட்டுக் காலிக் குடத்தை இடுப்பு மாற்றினாள். அந்தக் கரையில் பேச்சித்தாய் வாளியைத் தரையில் வைத்துவிட்டு முந்தானையை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டாள், ஆனால் மகன் வரவில்லை, அவன் இன்னும் ரெமிஜியுசைப் பார்த்துக்கொண்டே நின்றான், ரெமிஜியுஸ் தீர்ப்புக்குக் காத்திருக்கிறவன்போலத் தலையைக் குனிந்திருந்தான். நான் அந்த ஒருமுறை வாயைத் திறக்கவில்லை.

இசக்கி தளவாயிடமிருந்து அந்தப் பெரிய குடையை வாங்கி, மழையே இல்லாத வெயிலில் மறுபடியும் விரித்தான், விரித்துத் தன் தலைக்கும் ரெமிஜியுசின் தலைக்கும் நடுவில் நேராகப் பிடித்தான், பாலத்தின் பக்கம் ஒரு அடி எடுத்துவைத்துவிட்டு, ஒரு வாரமாகக் காணாமல்போயிருந்த அந்தச் சிரிப்போடு திரும்பிச் சொன்னான்:

“இத்தன நாளும் கொடைக்கு நடுவுல அவ்வளவு எடம் காலியாக் கெடந்துச்சே, அது யாருக்குன்னுலே நெனச்ச?”